பிரிஸ்கில்லாவின் மகன் துலூஸில் இருக்கிறான்

என்னிடம் பதினாலு கேள்விகள் இருந்தன. ஒரு வெளிநாட்டு இணையதளத்திலிருந்து எடுத்துத் தமிழில் எழுதி, ரெட்டியார்பாளையம் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்திருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். நான் இருந்துவிட்டு வந்த ஊர்களில் அந்த ஆளுக்கு டூலா என்று பெயர். இங்கே தண்ணி ஊத்துறவங்க.

அக்கா பாரதிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தாய் இல்லை. அம்மா இறந்து நாலு வருடமாகிவிட்டது. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும், ஆறு வருடம் ஊர் ஊராகத் தட்டு கழுவி, திராட்சை பறித்து, விடுதிகளில் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்த நானும்தான். ஒரே கட்டிலில் மூன்று மாதம் தொடர்ந்து படுத்த ஞாபகம் எனக்கு இல்லை. குழந்தையை எப்படிப் பிடிப்பது என்றும் தெரியாது.

முதலில் பேசிய பெண் ஈ.சி.ஆர். பக்கம் இருந்தாள். சான்றிதழ் வைத்திருக்கும் டூலா. வீடியோவில் நல்ல விதமாகத்தான் பேசினாள். மூச்சுப் பயிற்சி, பிரசவத் திட்டம், வலியை எப்படி எதிர்கொள்வது. பிறந்த பிறகு என்ன என்று கேட்டேன். மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பாளாம். "மூணு நாள்ல எனக்கு என்னடி ஆவப் போவுது" என்றாள் அக்கா. அடுத்து ஒரு ஏஜென்சி அனுப்பிய பெண். வந்ததும் வைஃபை இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையைத் தூக்கியதில்லை, ஆனால் யூடியூபில் பார்த்திருக்கிறேன் என்றாள். நானும் யூடியூபில்தான் பார்த்திருந்தேன்.

ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்த ஆள் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்கேன் உறையின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அப்படி வந்தவர் பிரிஸ்கில்லா. நாற்பத்தாறு வயது. நெல்லித்தோப்பிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். வளையல் இல்லை, மோதிரம் இல்லை. நகம் தசையோடு ஒட்ட வெட்டியிருந்தது. நான் காகிதத்தை எடுத்ததைப் பார்த்து, "பரிச்சையா?" என்றார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை செய்றீங்க?"

"வீடு வீடாப் போறது பன்னெண்டு வருஷமா. அதுக்கு முன்ன ஒரு நர்சிங் ஹோம்ல ஆயா. பிரசவ வார்டுல பதினாலு வருஷம்."

"குழந்தைக்கு மூச்சுத் திணறினா என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகிட்டு ஓடுவேன். வேற என்னா செய்வாங்க, பாப்பா?"

சோபாவில் படுத்திருந்த அக்கா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஒன்பதாவது கேள்வி பழக்கவழக்கங்கள் பற்றியது. "மூக்குல ஊத மாட்டேன். காதுல எண்ண விட மாட்டேன். சாம்பிராணி தாயோட தலைக்கு மட்டுந்தான், பிள்ளைக்குக் காட்ட மாட்டேன். உங்க சம்பந்தியம்மா கேட்டாங்கன்னா எல்லாம் செஞ்சுட்டேன்னு சொல்லிடுவேன். நீங்க காட்டிக் குடுக்கக் கூடாது."

பதினோராவது கேள்வி: உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?

"ஒரு பையன். பேரு பிரான்சுவா. பிரான்ஸ்ல இருக்கான். துலூஸ்."

"துலூஸ்ல நான் எட்டு மாசம் இருந்தேன். எந்தப் பக்கம்?"

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். "ரயில் ஸ்டேஷன் பக்கம்" என்றார்.

எந்த ஊருக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் என்று ஒன்று இருக்கும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியில் மிச்சம் மூன்று கேள்விகளைக் கேட்கவேயில்லை.

அக்காவின் மாமியார் ராஜாம்பாளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கருவடிக்குப்பத்தில் இருந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைப்பேறு நடப்பதில் அவருக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. போனில் அவர் கேட்டது என் பதினாலில் ஒன்றைத்தான்.

"பிள்ளை பெத்தவளா? பெத்தது தங்கினவளா? அப்படி இல்லாதவ கை பச்சப் பிள்ள மேல படக் கூடாது. அதச் சொல்லு மொதல்ல."

"ஒரே பையன், அத்தே. துலூஸ்ல இருக்கான்" என்றேன்.

"சொல்தா குடும்பமா?"

"இருக்கும், அத்தே" என்றேன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அதற்கு மரியாதை கூடும். அப்படி நானாக ஒரு சுற்றுச் சுவரும் கட்டிக் கொடுத்தேன்.

நல்ல நாள் பார்த்து வெற்றிலை பாக்கு, பழம் வைத்துத் தட்டை நீட்டினோம். பிரிஸ்கில்லா அக்கா வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டினார். தட்டு வாங்கிவிட்டால் அந்த மாதம் அந்த நேரத்துக்கு வேறு வீடு ஒப்புக்கொள்ளக் கூடாது. அவருக்குக் காலையில் மூன்று வீடுகள்: ஆறு மணி வீடு, எட்டு மணி வீடு, பத்து மணி வீடு. நாங்கள் பத்து மணி வீடு.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். தையல் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, அக்கா தூங்காததைத் தவிர.

அவள் குழந்தை மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்றால் கண்ணை மூடுவாள். மூடிய இமைக்குள் கண் ஓடும். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவாள். அப்பா முயன்று பார்த்தார், நான் முயன்று பார்த்தேன், சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த அக்கா கணவர் விஜயராகவன் மாமாவும் முயன்று பார்த்தார். டாக்டர் அம்மா, "சிலருக்கு இப்படி வரும். தூங்கணும், அதுதான் மருந்து. பத்து நாள்ல தேறலைன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்பறேன், தள்ளிப் போடாதீங்க" என்றார். அக்காவின் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் குறைந்துகொண்டே வந்தது. பால்சுறாப் புட்டைத் தட்டில் வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் எல்லோருமே பாதித் தூக்கத்தில் நடந்தோம். அப்பா ஒருநாள் காபிக்கு உப்புப் போட்டார். குடித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிரிஸ்கில்லா அக்கா வர ஆரம்பித்து ஐந்தாம் நாள். குளிப்பாட்டி, துணியில் சுற்றி, குழந்தையை அக்காவின் பக்கத்தில் கிடத்தினார். அக்காவின் உதடு அசைவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி வரைக்கும் வந்திருக்க?"

அக்கா தயங்கினாள். "நூத்தி நாப்பது."

"சரி. நூத்தி நாப்பத்தொண்ணுலேருந்து என்னுது." கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் வயிற்றில் இரண்டு விரலை வைத்தார். "நூத்தி நாப்பத்தொண்ணு. நூத்தி நாப்பத்திரெண்டு."

சத்தமாக, மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணினார். நாங்கள் எல்லோரும் அக்காவிடம் எண்ணாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இவர் அந்த வேலையைக் கை மாற்றி வாங்கிக்கொண்டார். இருநூறைத் தாண்டும்போது அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும், "எவ்ளோ?" என்றாள். "நாலாயிரத்துச் சொச்சம். ஒண்ணு கூட விடல." நடுவில் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன். காட்டிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். கடைசி வீடு நாங்கள் என்பதால் பன்னிரண்டரை வரை இருப்பார். அந்தத் தூக்கம் வந்த பிறகு மற்ற தூக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. அவர் ஒருநாள் வரவில்லை என்றால் எல்லாம் திரும்பவும் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா காலை ஒன்பதரைக்கே கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பார்.

பன்னிரண்டாம் நாள் பிரிஸ்கில்லா அக்காவின் ஸ்கூட்டர் பஞ்சர். அழைத்துப் போக அவர் கணவர் ஜெஸ்டின் வந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்ததால் வாசலில் நாற்காலி போட்டேன். பேச்சுக்கு, "உங்க பையன் துலூஸ்ல என்ன செய்றார், அண்ணே?" என்றேன்.

"எந்தப் பையன்?"

நான் விழித்தேன். அவரும் விழித்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஓ. அவனா" என்றார். "அவனுக்கு இப்ப என்னா வயசு ஆவுது?"

பிரிஸ்கில்லா அக்கா வெளியே வந்தபோது எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். கணவரிடம், "ஒரு பத்து நிமிசம் வாயப் பொத்திகிட்டு உக்கார மாட்டியா" என்றார். பிறகு படியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் உண்டானது. ஐந்தாம் மாதம் போய்விட்டது. பிறகு நிற்கவில்லை. பையன் என்றால் பிரான்சுவா என்று வைக்கலாம் என்று பேசியிருந்தார்கள். நர்சிங் ஹோமில் இருந்தவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அங்கே பிறந்த குழந்தையை முதலில் துடைத்து வாங்குவது அவர் கைதான். வார்டு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டபோது வெளியே வந்துவிட்டார். முதல் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். இல்லை என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் காபியும் வரவில்லை. மூன்றாவது வீட்டில், பன்னிரண்டு வயதில் ஒரு பையன், காரைக்காலில் ஹாஸ்டலில் படிக்கிறான் என்றார்.

"அதோட முடியும்னு பாத்தேன். முடியல, பாப்பா. ஒரே பையன ஏன் ஹாஸ்டல்ல போட்டன்னு கேப்பாங்க. லீவுக்கு வரலியான்னு கேப்பாங்க. பத்தாவதுல எத்தினி மார்க்குன்னு கேட்டாங்க, வாய்க்கு வந்தத சொன்னேன். அடுத்த தெரு வீட்ல வேற மார்க்கு சொல்லிட்டேன். அப்பறம் ஒரு நோட்டுல எழுதி வச்சுகிட்டேன். பதினெட்டு ஆனதும் பிரான்ஸுக்கு அனுப்பிட்டேன். அன்னியிலேருந்து நிம்மதி. இந்த ஊர்ல பிரான்ஸுக்குப் போன பையன் வரலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"இவ அனுப்பி வச்சிட்டா. எனக்கு ஒரு லெட்டர் உண்டா?" என்றார் ஜெஸ்டின்.

"நீ வண்டிய எடு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய விஷயம் அந்த வீட்டில் எதுவும் இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, ராஜாம்பாள் அத்தை வந்தார். பிரிஸ்கில்லா அக்கா மணைமேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால்மேல் குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூக்கு சப்பையாக இருக்கிறதே, எடுத்து விடுகிறாயா என்று கேட்டார். "தெனமும் எடுக்கறேம்மா" என்றார் பிரிஸ்கில்லா அக்கா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

"இந்தாம்மா, உன் பையன் நம்பரக் குடு. என் தம்பி மவன் சிலம்பரசனுக்கு துலூஸ்ல காலேஜ் கெடச்சிருக்கு. செப்டம்பர்ல போறான். எறங்கின ஒடனே ஸ்டேஷனுக்கு உன் பையன வரச் சொல்லு. பத்து நாள் அவன்கூட தங்கிக்கட்டும், அப்பறம் ரூம் பாத்துப்பான்."

நான் முந்திக்கொண்டேன். "அத்தே, அங்க எனக்கே ஆளுங்க இருக்காங்க. நான் சொல்லி விடறேன்."

"உன் ஆளுங்க உன்ன மாதிரி தட்டு கழுவறவங்கடி. இவ பையன் படிச்சவன்."

பிரிஸ்கில்லா அக்கா குழந்தையின் நெற்றியில் கையை அணைகட்டி, கண்ணில் விழாமல் கடைசிச் சொம்பை ஊற்றினார். துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். நீட்டிய காலை மடக்காமலேயே பேசினார்.

"எனக்குப் பையன் இல்லம்மா."

"இல்லன்னா?"

"உண்டானது தங்கல. பிரான்ஸ்ல யாரும் இல்ல. நான் சொன்னது பொய்."

அத்தை என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாரும் அவனத் தேடிப் போகல. அதனால விட்டுட்டேன்" என்றார் பிரிஸ்கில்லா அக்கா. "உங்க புள்ள பொட்டியத் தூக்கிகிட்டுப் போய் ஸ்டேஷன்ல நிப்பான். அது பாவம்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"பதினோரு நாளா தெரியும்."

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, தலையிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தார், ஏதாவது குறைந்திருக்கிறதா என்பது போல.

மறுநாள் காலை எட்டரைக்கு அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார். தானே வெந்நீர் வைத்து, தானே மணை போட்டு, தானே ஊற்றினார். பத்து மணிக்கு பிரிஸ்கில்லா அக்கா வந்தபோது, "இன்னிக்கு ஆச்சும்மா" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். நான் கேட்டுக்குப் போவதற்குள் ஸ்கூட்டர் திரும்பிவிட்டது.

அன்று அக்கா தூங்கவில்லை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, "நானே எண்றேன், நீ படு" என்றார். அறுபத்திரண்டு வயது. விடிகாலையில் எழுந்து இரண்டு ஆட்டோ மாறி வந்த உடம்பு. எழுபதைத் தாண்டும்போது அவர் தலை சாய்ந்தது. அக்கா எழுபத்தி மூன்றிலிருந்து தானே தொடர்ந்தாள். இரண்டாம் நாளும் அதேதான். ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. அக்கா சுவரோரமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தை கஞ்சிக் கிண்ணத்தோடு வெகுநேரம் நின்றார். பிறகு அக்காவே பேசினாள். அந்த இரண்டு நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

"அத்தே, எனக்கு அவங்க பிள்ள பெத்தாங்களா இல்லியான்னு தெரிய வேணாம். எனக்குத் தூங்கணும்."

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போன் போடுடி" என்றார் என்னிடம்.

போட்டேன். தட்டு வாங்கின வீடு, வராமல் இருக்க முடியாது என்றார் பிரிஸ்கில்லா அக்கா. சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

வந்ததும் அத்தை விதியைச் சொன்னார். "தண்ணி நான் ஊத்தறேன். நீ உக்காந்து எண்ணு, போதும்." குழந்தையைத் தொடக் கூடாது என்று வாயால் சொல்லவில்லை. பிரிஸ்கில்லா அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். விரலைக் குழந்தையின் வயிற்றில் வைக்காமல், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே எண்ணினார். அக்கா முன்னூறுக்குள் தூங்கிப்போனாள். நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். அவர் கைகளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்று நாள் அப்படி ஓடியது. நாலாம் நாள் அத்தை மணைமேல் உட்கார்ந்து காலை நீட்டி, சோப்புப் போட்ட குழந்தையைக் கால்மேல் கிடத்தியிருந்தபோது, முழங்கால் பிடித்துக்கொண்டது. முகம் சுருங்கியது. கால் நடுங்க ஆரம்பித்தது. வழுக்கும் குழந்தை. "யம்மா" என்றார், யாரையும் பார்க்காமல். அதற்குள் பிரிஸ்கில்லா அக்காவின் கை குழந்தைக்கு அடியில் போயிருந்தது. நான் அத்தையைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தேன். மணை காலியாக இருந்தது. சோப்பு நுரையோடு குழந்தையை ஏந்திக்கொண்டு பிரிஸ்கில்லா அக்கா நின்றார். உட்காரவில்லை. கேட்கவும் இல்லை.

"தண்ணி ஆறிப் போவுதில்ல" என்றார் அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

பிரிஸ்கில்லா அக்கா உட்கார்ந்து காலை நீட்டினார்.

முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணி ஊற்றி வீடு கழுவினோம். மாமா வந்திருந்தார். அக்கா முதல்நாள் ராத்திரி நாலரை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருந்தாள். புட்டு போதவில்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். பிரிஸ்கில்லா அக்காவுக்கு அடுத்த மாதம் பத்து மணி வீடு உழவர்கரையில் பேசியிருந்தது. இன்னும் தட்டு கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அத்தைக்குத் தூரத்துச் சொந்தம். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடப் போவதாக முந்தின நாள் படியில் உட்கார்ந்து என்னிடம் சொல்லியிருந்தார். "போதும் பாப்பா. அவன் நோட்டே கிழிஞ்சு போச்சு. வர்றது வரட்டும்." சொன்னால் காபிகூட இல்லாமல் திரும்ப வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குழந்தைக்கு இரண்டாவது சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. அந்த உழவர்கரை வீடுதான். அத்தை ஸ்பீக்கர் எல்லாம் போடத் தெரியாதவர். ஆனால் அவர் பேசியதிலேயே எல்லாம் தெரிந்தது.

"ஆமா, இங்கதான் ஊத்துது. நல்லா செய்யுது... நேரத்துக்கு வருது... ம்... அதுவா."

அத்தை பேச்சை நிறுத்தினார். பிரிஸ்கில்லா அக்கா சொம்பைக் குடத்தில் விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அத்தை கையைக் காட்டி, பேசாதே என்றார்.

"இருக்கான், இருக்கான். ஒரே பையன். பிரான்ஸ்ல... துலூஸ்ல. இல்ல, வர்றதில்ல. எவன் பையன் இந்தக் காலத்துல வர்றான்?"

ஈரக் கையோடு பிரிஸ்கில்லா அக்கா என்னைப் பார்த்தார். விட்டுத்தொலைந்தான் என்று நினைத்திருந்தவன் திரும்ப வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. குழந்தை காலை உதைத்தது. அவர் கை தானாகப் போய் அதன் வயிற்றில் படிந்தது.

அத்தை போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "பையனுக்கு வேலை கெடச்சிடுச்சான்னு கேக்கறாங்க."

பிரிஸ்கில்லா அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"இன்னும் கெடைக்கலன்னு சொல்லுங்கம்மா" என்றார். "கெடச்சிட்டுதுன்னா பொண்ணு எடுக்கச் சொல்லுவாங்க."